பள்ளி அதிகாரிகளுடனான உரையாடலைப் பதிவு செய்வதற்கு முன்: அமெரிக்கப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்க அரசுப் பள்ளி முதல்வருடனோ ஆலோசகருடனோ நடக்கும் சந்திப்பை, அவர்களுக்குத் தெரியாமல் கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்ற கேள்விக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. எந்த மாநிலம், நேரிலா தொலைபேசியிலா, எந்த அறை, எந்த வகைக் கூட்டம் ஆகிய நான்கும் சேர்ந்தே விடையைத் தீர்மானிக்கின்றன. புதிதாக இதில் இறங்கும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு சட்டத்தைத் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் திருத்திக்கொள்ள எதுவும் மிச்சமிருப்பதில்லை என்பதால், கீழே உள்ள படிகளை இதே வரிசையில் எடுத்துக்கொள்வது நல்லது.

1. சந்திப்புக்கு முன் திரட்ட வேண்டியவை

பதிவின் நோக்கத்தை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசப்படுவதைப் பின்னர் நிதானமாகக் கேட்டுப் புரிந்துகொள்வதற்காகவா, பள்ளி கொடுத்த வாக்குறுதியை மறந்துவிடாமல் இருப்பதற்காகவா, வழக்கில் சான்றாகக் காட்டுவதற்காகவா? முதல் இரண்டு நோக்கங்களுக்கும் ரகசியம் தேவையே இல்லை. மூன்றாவது நோக்கத்துக்கோ, சட்டத்தை மீறி எடுத்த பதிவு உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம்.

அடுத்து மூன்று ஆவணங்கள் வேண்டும்: உரையாடலைப் பதிவு செய்வதையும் கட்டுப்படுத்தும் மாநில ஒட்டுக்கேட்புச் சட்டத்தின் மூல வாசகம், பள்ளி மாவட்டத்தின் கொள்கைத் தொகுப்பு, கூட்டத்துக்கான அழைப்புக் கடிதம். சட்ட வாசகத்தை மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்திலேயே படிப்பது முக்கியம். இணையத்தில் உலவும் மாநிலப் பட்டியல்கள் தொலைபேசி உரையாடலையும் நேர்முக உரையாடலையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. அழைப்புக் கடிதம், யார் யார் வருகிறார்கள் என்பதைச் சொல்லும். காணொளிக் கூட்டமாக இருந்தால் அவர்களில் எவரேனும் வேறு மாநிலத்திலிருந்து சேர்கிறார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. கூட்டாட்சிச் சட்டத்தின் எல்லையைப் புரிந்துகொள்ளுதல்

1968-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1986-இல் விரிவாக்கப்பட்ட கூட்டாட்சி ஒட்டுக்கேட்புச் சட்டத்தின்படி, உரையாடலில் பங்கேற்கும் ஒருவர் ஒப்புக்கொண்டால் போதும். அந்த ஒருவர் பதிவு செய்பவராகவே இருக்கலாம். சட்டத்தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் 2511-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. குற்றம் புரியவோ பிறருக்குச் சட்டவிரோதமாகத் தீங்கிழைக்கவோ எடுக்கப்படும் பதிவுக்கு இந்த விலக்கு பொருந்தாது. மீறினால் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பாதிக்கப்பட்டவர் தனியே உரிமையியல் வழக்கும் தொடரலாம்.

இங்கே தொடக்கநிலையில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. முதலாவது, கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதால் மாநிலமும் அனுமதிக்கும் என்று எண்ணுவது. கூட்டாட்சிச் சட்டம் அடிமட்ட வரம்பை மட்டுமே வகுக்கிறது. அதற்கு மேல் கடுமையான விதிகளை மாநிலங்கள் இயற்றிக்கொள்ளலாம், பல மாநிலங்கள் இயற்றியும் இருக்கின்றன.

இரண்டாவது தவறு இதைவிட ஆபத்தானது. "பங்கேற்பவர்" என்ற தகுதி, நீங்கள் அந்த உரையாடலில் இருக்கும் வரை மட்டுமே நீடிக்கும். குழுவினர் தங்களுக்குள் ஆலோசிக்க வேண்டும் என்று உங்களைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கைப்பேசியை மேசையில் விட்டுவிட்டு வெளியேறினால், மிகத் தளர்வான மாநிலத்திலும்கூட அது ஒட்டுக்கேட்புக் குற்றமாகலாம்.

3. மாநிலச் சட்டம் எந்த வகை என்று உறுதிசெய்தல்

டெக்சஸ், நியூயார்க், நியூ ஜெர்சி, வர்ஜீனியா, ஜார்ஜியா, வட கரோலினா, ஒஹாயோ உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் ஒப்புதல் போதும். கலிபோர்னியா, ஃபுளோரிடா, பென்சில்வேனியா, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், வாஷிங்டன், இல்லினாய், நியூ ஹாம்ப்ஷயர், மொன்டானா ஆகியவற்றில், சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் உரையாடலைப் பதிவு செய்ய எல்லோருடைய ஒப்புதலோ, குறைந்தது எல்லோருக்கும் அறிவிப்போ தேவை.

இந்த இரண்டாம் குழுவுக்குள்ளும் விதிகள் ஒரே மாதிரியானவை அல்ல. கலிபோர்னியாவின் தண்டனைச் சட்டம் 632-ஆம் பிரிவு "ரகசியத்தன்மை கொண்ட" உரையாடலை மட்டும் காக்கிறது; மீறியவர் மீது, ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 5,000 டாலர் கோரி வழக்குத் தொடரலாம். வாஷிங்டனில், பதிவு செய்யப்போவதாக எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்து, அந்த அறிவிப்பும் பதிவிலேயே இடம்பெற்றால் அது ஒப்புதலாகக் கொள்ளப்படும். மொன்டானாவிலும் முன்னறிவிப்பு போதுமானது. பென்சில்வேனியாவிலும் ஃபுளோரிடாவிலும் மீறல் பெருங்குற்ற (felony) வகையைச் சேர்ந்தது.

நேர்முகம், தொலைபேசி என்ற வேறுபாட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓரிகனில் தொலைபேசி உரையாடலுக்கு ஒருவர் ஒப்புதல் போதும். நேரில் நடக்கும் உரையாடலுக்கோ எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். நெவாடாவில் நிலைமை நேர்மாறு. கனெக்டிகட்டில் தொலைபேசி உரையாடலை எல்லோருடைய ஒப்புதலும் இல்லாமல் பதிவு செய்வது உரிமையியல் வழக்குக்கு இடமளிக்கும். மிஷிகனின் சட்ட வாசகம் அனைவர் ஒப்புதலையும் கேட்பது போலத் தோன்றும். ஆனால் உரையாடலில் பங்கேற்பவருக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982-இல் விளக்கமளித்தது.

ஒரு தரப்பு வேறு மாநிலத்தில் இருந்தால் கடுமையான மாநிலத்தின் விதியையே பின்பற்றுங்கள். ஜார்ஜியாவிலிருந்து பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடல்களுக்குக் கலிபோர்னியாவின் சட்டத்தையே பொருத்த வேண்டும் என்று 2006-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இதற்குப் போதிய காரணம்.

4. அரசு ஊழியர் என்பதால் மட்டும் விலக்கு கிடைக்காது

முதல்வர் வரிப்பணத்தில் ஊதியம் பெறுகிறார், கடமையைச் செய்யும்போது பேசுகிறார், ஆகவே அவர் பேச்சைப் பதிவு செய்வதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். இந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு பேரை இடரில் தள்ளுகிறது.

பொது இடத்தில் கடமையாற்றும் காவலர்களைப் பதிவு செய்வது பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் தரும் உரிமை என்று, வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான பாஸ்டனின் முதல் வட்ட நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. 2020-இல், பொது இடத்தில் காவலர்களை ரகசியமாகப் பதிவு செய்வதற்கும் அந்தப் பாதுகாப்பை விரித்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பள்ளியின் மூடிய அறைக்குள் கொண்டுசெல்ல முயன்ற வழக்கில் அதே நீதிமன்றம் 2024-இல் மறுத்துவிட்டது. மாசசூசெட்ஸில் ஒரு தந்தை, தம் பிள்ளைக்கான சிறப்புக் கல்வித் திட்டக் கூட்டத்தை (மாற்றுத்திறனுள்ள மாணவருக்கான தனிக் கல்வித் திட்டத்தைப் பள்ளியும் பெற்றோரும் வகுக்கும் கூட்டம்) காணொளியாகப் பதிவு செய்ய உரிமை கோரினார். காணொளி வழியாகவே நடந்தாலும் அது பொதுமக்களுக்குத் திறந்த இடம் அல்ல, அங்கே பேசப்படுவது ஒரு குழந்தையின் அந்தரங்கமான விவரங்கள் என்ற அடிப்படையில் அவர் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஓரிகனின் நேர்முகப் பதிவுச் சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானதல்ல என்று ஒன்பதாம் வட்ட நீதிமன்றத்தின் விரிவுபட்ட அமர்வு 2025 ஜனவரியில் முடிவு செய்ததையும் சேர்த்துப் பார்த்தால், முதல் திருத்தத்தை மட்டும் நம்பி அனைவர் ஒப்புதல் மாநிலத்தில் ரகசியப் பதிவில் இறங்கக் கூடாது என்பது விளங்கும்.

சில மாநிலங்களில் வேறொரு வழி திறந்திருக்கிறது. பேசுபவர், தம் பேச்சு பிறர் காதில் விழாது என்று நியாயமாக எதிர்பார்க்கும் சூழல் இல்லாவிட்டால், சட்டமே அந்த உரையாடலைப் பாதுகாப்பதில்லை. ஃபுளோரிடாவில் ஒரு காவல்துறைத் தலைவரின் அலுவலகத்தில் நடந்த கூட்டத்தைக் கைப்பேசியில் பதிவு செய்தது அம்மாநிலச் சட்டத்தை மீறவில்லை என்று 2017-இல் பதினோராம் வட்ட நீதிமன்றம் கூறியது. ஆனால் மாசசூசெட்ஸ் சட்டத்தில் இப்படிப்பட்ட எதிர்பார்ப்புக்கே இடமில்லை. அங்கே ரகசியமாகப் பதிவு செய்வதே குற்றம். தம்மை நிறுத்திய காவலர்களை மறைவாகப் பதிவு செய்த ஓட்டுநரின் தண்டனையை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதி செய்தது.

"நியாயமான எதிர்பார்ப்பு" என்பதை வழக்கு வந்த பிறகு நீதிபதிதான் முடிவு செய்வார். அது உங்கள் தற்காப்பு வாதமாக இருக்கலாமே தவிர, சந்திப்புக்கு முன் எடுக்கும் முடிவுக்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. 2018-இல் இல்லினாய் மாநிலத்தில், முதல்வருடன் நடந்த உரையாடலைக் கைப்பேசியில் பதிவு செய்த 13 வயது மாணவர் மீதே பெருங்குற்ற வழக்குப் பதிவானது. முடிவு எப்படி அமைந்தாலும், அப்படியொரு வழக்கைச் சந்திப்பதே ஒரு குடும்பத்துக்குப் பெருஞ்சுமை.

5. கூட்டத்தின் வகையைப் பிரித்தறிதல்

பள்ளி வாரியத்தின் பொதுக் கூட்டம் எளிதானது. திறந்த கூட்டத்துக்கு வருபவர் பதிவு செய்யலாம். இடையூறு ஏற்படுத்தக் கூடாது. உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் திறந்தே நடக்க வேண்டும் என்னும் கலிபோர்னியாவின் பிரவுன் சட்டமும் இல்லினாயின் திறந்த கூட்டச் சட்டமும் இதை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. மூடிய அமர்வு இதில் அடங்காது.

வகுப்பறை வேறு. கலிபோர்னியக் கல்விச் சட்டத்தின் 51512-ஆம் பிரிவு, ஆசிரியரும் முதல்வரும் முன்னரே ஒப்புதல் தராமல் வகுப்பறையில் எந்த ஒலிப்பதிவுக் கருவியையும் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. வகுப்பைப் பார்வையிட அனுமதி கிடைத்ததைப் பதிவுக்கான அனுமதியாக எடுத்துக்கொள்வது இங்கே வழக்கமாக நேரும் பிழை.

ஐ.இ.பி. எனப்படும் சிறப்புக் கல்வித் திட்டக் கூட்டத்துக்குத் தனி விதிகள் இருக்கின்றன. நம் பெற்றோருக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதியும் இதுவே. கூட்டாட்சிச் சட்டம் இந்தக் கூட்டங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மாநிலமோ மாவட்டமோ தடை விதிக்கலாம். ஆனால் கூட்டத்தையோ திட்டத்தையோ பெற்றோர் புரிந்துகொள்வதற்குப் பதிவு அவசியமானால், அந்தத் தடைக்கு விலக்கு அளித்தாக வேண்டும் என்பது கூட்டாட்சிக் கல்வித் துறையின் நெடுங்கால நிலைப்பாடு. டேனிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தில் தடுமாறிய ஒரு தாய்க்கு இந்த அடிப்படையில் 1990-இல் கனெக்டிகட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் பதிவு செய்யும் உரிமையை வழங்கியது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பெற்றோர் ஒருவரின் நிலை இதிலிருந்து வேறுபட்டதல்ல.

கலிபோர்னியாவில் 24 மணி நேரத்துக்கு முன் அறிவித்தால் ஐ.இ.பி. கூட்டத்தை ஒலிப்பதிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு. பள்ளி பதிவு செய்ய விரும்பும்போது பெற்றோர் மறுத்தால் பள்ளி பதிவு செய்யக் கூடாது. வர்ஜீனியாவும் இக்கூட்டங்களை ஒலிப்பதிவு செய்யப் பெற்றோரை அனுமதிக்கிறது. முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

6. எழுத்தில் அறிவித்துக் கேட்டல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்ற அச்சம் அதற்குக் காரணம். கேட்டு மறுக்கப்பட்டால் அந்த மறுப்பே ஓர் ஆவணமாகிறது; கேட்காமல் எடுத்த பதிவு, பேச்சின் கவனத்தைப் பள்ளியின் செயலிலிருந்து உங்கள் செயலுக்குத் திருப்பிவிடுகிறது. அனைவர் ஒப்புதல் மாநிலத்தில் இது கட்டாயம். மற்ற மாநிலங்களிலும் இதையே நான் பரிந்துரைக்கிறேன்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். கூட்டத்தின் நாள், ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறீர்கள் என்ற அறிவிப்பு, காரணம் ஆகிய மூன்றும் போதும். காரணத்தை உள்ளபடியே எழுதுங்கள்: ஆங்கிலம் உங்கள் தாய்மொழி அல்ல, கல்வித்துறைச் சொற்களைப் பின்னர் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும், கூட்டத்துக்கு வர இயலாத துணைவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பவை அனைத்தும் ஏற்கத்தக்கவை. சான்று, வழக்கு, வழக்கறிஞர் போன்ற சொற்களை இந்தக் கட்டத்தில் எழுதினால், மறுமுனையிலும் ஒரு வழக்கறிஞர் வந்து அமர்வார்.

கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் அனுப்பினால் அவர்கள் கொள்கையைப் பார்த்துப் பதிலளிக்க நேரம் இருக்கும். மறுத்தால், எந்தக் கொள்கைப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், ஐ.இ.பி. கூட்டமாக இருந்தால், புரிதலுக்கான விலக்கைக் கோருவதாக அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.

7. கூட்டத்தின்போது

கருவியை எல்லோர் கண்ணிலும் படும்படி மேசையில் வையுங்கள். பதிவைத் தொடங்கியவுடன் நாள், இடம், கூட்டத்தின் பெயர் ஆகியவற்றைச் சொல்லி, பதிவு நடக்கிறது என்று அறிவித்து, ஒவ்வொருவரும் தம் பெயரையும் சம்மதத்தையும் சொல்லுமாறு கேளுங்கள். ஒப்புதல் பதிவிலேயே இருந்தால் பின்னர் எவரும் மறுக்க இயலாது. தாமதமாக உள்ளே வருபவரிடமும் இதே அறிவிப்பைத் திரும்பச் சொல்ல வேண்டும். அவர் விடுபட்டால் அந்தப் பகுதிக்கு ஒப்புதல் இல்லை.

எவரேனும் மறுத்தால் நிறுத்திவிட்டு, நிறுத்திய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களோ மற்றவர்களோ அறையை விட்டு வெளியேறும்போது கருவியையும் அணைத்து எடுத்துச் செல்லுங்கள்.

காணொளிக் கூட்டங்களில் தானாகக் குறிப்பெடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பலர் இப்போது இணைத்துவிடுகிறார்கள். பேச்சைப் பிடித்து எழுத்தாக்கும் செயலி எதுவானாலும், அதையும் பதிவுக் கருவியாகவே கருதி அறிவியுங்கள்.

8. குழந்தையின் பையில் கருவி வைப்பது குறித்து

பேச இயலாத குழந்தையை ஒருவர் துன்புறுத்துகிறார் என்ற ஐயம் எழும்போது ஒரு தாயோ தந்தையோ இதை நினைப்பது இயல்பு. அந்த மனநிலையை நான் மதிக்கிறேன். ஆயினும் சட்டத்தில் இது மிகவும் வழுக்கலான பகுதி. நீங்கள் உரையாடலில் இல்லை. உங்கள் குழந்தை இருக்கிறது. குழந்தையின் சார்பில் பெற்றோர் ஒப்புதல் தரலாமா என்பதே கேள்வியாகிறது. குழந்தையின் நலனுக்கு அவசியம் என்று நல்லெண்ணத்துடனும் நியாயமான அடிப்படையுடனும் நம்பும் பெற்றோர் அப்படி ஒப்புதல் தரலாம் என்று ஆறாம் வட்ட நீதிமன்றம் 1998-இல் ஏற்றது. விஸ்கான்சினில், குழந்தையின் பையில் வைக்கப்பட்ட கருவியில் பதிவான பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மிரட்டல்கள் சட்டத்தால் காக்கப்பட்ட பேச்சு அல்ல என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2008-இல் முடிவு செய்தது.

இந்தத் தீர்ப்புகளை எல்லா மாநிலங்களுக்கும் நீட்டிவிட முடியாது. பையிலுள்ள கருவி, உங்கள் குழந்தை பங்கேற்காத உரையாடல்களையும் பிற குழந்தைகளின் பேச்சையும் நாள் முழுதும் சேர்த்துப் பதிவு செய்யும். அவற்றுக்கு ஒப்புதல் தர உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இந்த ஒரு படியில் மட்டும், செயலில் இறங்கும் முன் அம்மாநில வழக்கறிஞரைக் கலந்தே ஆக வேண்டும். உடனடி ஆபத்து என்றால் காவல்துறையையோ குழந்தைப் பாதுகாப்புத் துறையையோ அழைப்பது இதைவிட விரைவான வழி.

9. பதிவைக் காப்பதும் பகிர்வதும்

மூலக் கோப்பை வெட்டாமல், பெயர் மாற்றாமல் அப்படியே வைத்து, இரண்டு நகல்களை வேறு வேறு இடங்களில் சேமியுங்கள். தேவையான பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பவர், திரித்தார் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல இயலாமல் போகிறார்.

சமூக ஊடகத்தில் இடுவது தனியாக யோசித்து எடுக்க வேண்டிய வேறொரு முடிவு. பதிவு செய்யும் உரிமைக்குள் அது தானாக அடங்கிவிடாது. பிற குழந்தைகளின் பெயர்களும் உடல்நல விவரங்களும் அதில் இருக்கலாம். சட்டவிரோதமாக எடுக்கப்பட்ட பதிவை அறிந்தே வெளியிடுவது கூட்டாட்சிச் சட்டத்தில் தனிக் குற்றம். பென்சில்வேனிய ஆசிரியர் சங்கப் பேச்சுவார்த்தையின்போது ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசி உரையாடலை ஒலிபரப்பியவர்களை 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காத்தது உண்மை. ஆனால் அவர்கள் ஒட்டுக்கேட்பில் பங்குகொள்ளாதவர்கள். பதிவு செய்தவருக்கு அந்தத் தீர்ப்பு அரணாகாது.

பள்ளியே பதிவு செய்து உங்கள் பிள்ளையின் கோப்பில் வைத்திருந்தால், ஃபெர்பா எனப்படும் 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டத்தின்படி அதைக் கேட்டுப் பார்வையிடலாம். பள்ளி 45 நாட்களுக்குள் இசைய வேண்டும்.

10. பதிவுக்கு வழியே இல்லாவிட்டால்

கூட்டம் முடிந்த அன்றே, யார் என்ன சொன்னார், எதற்கு யார் பொறுப்பேற்றார் என்பதைச் சுருக்கமாக எழுதி, பங்கேற்ற எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். தவறு இருந்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் திருத்துமாறு கேளுங்கள். பள்ளி மறுக்காமல் விட்ட அத்தகைய மின்னஞ்சல், பின்னாளில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு மணி நேர ஒலிக்கோப்பைவிட எளிதாகப் படிக்கப்படும்.

ஐ.இ.பி. கூட்டத்துக்கு உங்கள் பிள்ளையைப் பற்றி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்ல உரிமை உண்டு; அவரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் பேசுங்கள். பெற்றோர் கூட்டத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான நடவடிக்கைகளை, மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு உட்பட, பள்ளி செய்ய வேண்டும் என்று கூட்டாட்சி விதியே கூறுவதால், அதையும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கேட்ட சேவையைப் பள்ளி மறுத்தால், காரணத்துடன் கூடிய எழுத்து அறிவிப்பை (Prior Written Notice) தர அது கடமைப்பட்டுள்ளது. அந்த அறிவிப்பைக் கூட்டத்திலேயே பெயர் சொல்லிக் கேட்டு, எந்த நாளுக்குள் வரும் என்பதையும் அன்றைய மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.